சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாய்

நாய் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் கணவரும் கேட்கவில்லை. அவரால் கேட்க முடியாது. சொன்னது எங்கள் மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

"அப்பா பகலெல்லாம் ஒண்டியா உக்காந்திருக்காரும்மா. நீ ஸ்கூலுக்குப் போயிடற. ஒரு நாய் இருந்தா துணையா இருக்குமில்ல?"

"சரி கண்ணு" என்றேன்.

அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியின் ஆபீசில் கிளார்க். கணவர் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையின் எல்லா வளைவுகளிலும் பேசிக்கொண்டே ஓட்டுவார். டிரைவருடன் பேசாதீர்கள் என்று பஸ்ஸில் எழுதியிருக்கும். பயணிகள் பேசாமல் வந்தாலும் இவர் விடமாட்டார். முன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அடிவாரம் வருவதற்குள் அவர்கள் வீட்டுக் கதை இவருக்குத் தெரிந்துவிடும். ராத்திரி சாப்பிடும்போது அதை எனக்குச் சொல்வார். பாதியில் தூங்கிவிடுவேன். அவர் மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் படுப்பார்.

வார லீவு நாள் ஒன்றில், காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம். மூளையில் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது கை போனது. வலது கால் பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கினார். உள்ளே எல்லாம் புரியும், எண்ணமும் இருக்கும், சொல் மட்டும் வெளியே வராது. சிலருக்கு ஒரே ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், எதைச் சொல்லப் போனாலும் அதுதான் வரும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் பால் பாத்திரத்தை மூடி வைத்தோமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பூனை வந்து குடித்துவிடும். அந்த யோசனைதான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. டாக்டர் முகம் ஞாபகம் இல்லை.

என் கணவருக்கு நின்ற சொல் 'ரைட்'.

அது அவர் சொல்லும் சொல்லே இல்லை. கண்டக்டர் சொல்வது. வேலைக்காலம் முழுக்க முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த சொல். பசித்தால் ரைட். வேண்டாம் என்றால் ரைட். வலித்தாலும், டிவி சத்தத்தைக் குறை என்றாலும், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாலும் ரைட். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து நான் பிரித்துக்கொள்வேன். பாதி நேரம் சரியாக இருக்கும்.

பேச்சுப் பயிற்சிக்குக் கொஞ்ச நாள் சேலம் போனோம். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார்கள். பசு, மாம்பழம், குடை. எல்லாவற்றுக்கும் ரைட், ரைட் என்றார். ஒரு நாள் இடது கையால் அட்டைகளைத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

நான் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, பிறகும் இல்லை. சபையில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நொம்ப தைரியமுங்க உங்களுக்கு" என்றார்கள். அது தைரியம் இல்லை. ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் இருப்பதே தெரியாது இல்லையா, எனக்கு அந்த மரத்துப்போனது காலோடு நிற்கவில்லை. சமைத்தேன், குளிப்பாட்டினேன், பள்ளிக்குப் போனேன், அட்மிஷன் பாரம் சரிபார்த்தேன். எதிலும் தவறு வரவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்கள் முடிக்கும்வரை இருப்பேன்.

நாய்க் காப்பகம் அடிவாரத்தைத் தாண்டி சேலம் போகும் வழியில் இருந்தது. தகரக் கூரை, கம்பி வலை, தென்னந்தோப்புக்கு நடுவே. மகள் போனிலேயே எல்லாம் பேசி வைத்திருந்தாள். வாடகைக் காரில் அவரை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நோய் வந்ததற்குப் பிறகு ஆஸ்பத்திரி அல்லாத ஓர் இடத்துக்கு அவர் போவது அதுதான் முதல் தடவை. மலை இறங்கும்போது வளைவுகளில் அவருடைய இடது கால் காரின் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

காப்பகத்தை நடத்தும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனதும் நாய்களெல்லாம் வலையில் ஏறிக் குதித்தன. வாலை ஆட்டின, கத்தின, நக்கப் பார்த்தன. அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது நல்லா பழகும், இது வீட்டுக்குக் காவலுக்கு ஆகும், இதுக்கு ஒரு கண்ணு தெரியாது ஆனா நொம்ப சமத்து. நான் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் வரவில்லை.

கடைசிக்கு முந்தைய அறைக்கு எதிரே, யாரோ போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அந்த அறையில் ஒரு செவலை நாய், இன்னும் முழுசாக வளராதது, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. முதுகுதான் தெரிந்தது. முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இத்தனை கூச்சலிலும் அது தலையைத் திருப்பவில்லை.

"ஏனுங்க்கா, அது வேண்டாங்க" என்றாள் அந்தப் பெண். "பொட்டைக்குட்டி. இடிக்கிற கட்டடத்துக்குள்ள கம்பில கட்டிப்போட்டு உட்டுட்டுப் போயிட்டாங்க. ஆளுங்ககிட்ட வராதுங்க. கடிக்காது, ஆனா வராது. உங்களுக்கு இருக்கற சிரமத்துல அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

அவர், "ரைட்" என்றார்.

"பாத்தீங்களா, சாருக்கே தெரியுது" என்று அவள் அடுத்த அறைக்கு நகர்ந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. "ரைட்" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க. அவள் என்னைப் பார்த்தாள். அவருக்குப் பேச்சு வராது, அந்த ஒரு சொல்தான் வரும், அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம் இல்லை என்றும் அர்த்தம் என்று சொன்னேன்.

"அப்ப இப்ப என்னங்க சொல்றாரு?"

"எழுந்திருக்க மாட்டேங்கறாரு" என்றேன். "அதையே குடுத்துருங்க."

எனக்கு எந்த நாயானாலும் ஒன்றுதான். அந்தப் பெண் ஒரு போர்வையைப் போட்டு அதைச் சுருட்டித் தூக்கினாள். அது எதிர்க்கவில்லை. கார் மலையேறும்போது பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் அசையாமல் கிடந்தது. பாதி மலை ஏறியதும் வாந்தி எடுத்தது. நான் என் துண்டால் துடைத்தேன். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு ஊருக்குள், ஒரு சரிவின் நடுவில் இருக்கிறது. இரண்டு அறை, சமையலறை, பின்பக்கம் கொஞ்சம் இடம், அதில் ஒரு சில்வர் ஓக், அதன்மேல் ஏறிய மிளகுக்கொடி. நாய் உள்ளே வந்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போய்ப் புகுந்துகொண்டது. அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தது. தட்டில் சோறு வைத்தால் நாங்கள் அறையில் இருக்கும்வரை தொடாது. வெளியே போய்விட்டு வந்தால் தட்டு காலியாக இருக்கும். மூலையிலேயே ஈரம் பண்ணிவிடும். நான் துடைப்பேன். இன்னொரு உடம்பு, இன்னொரு துணி. கோபம்கூட வரவில்லை.

முதலில் நான்தான் அதோடு பேசினேன். கொஞ்சம் முயற்சி செய்யச் சொல்லி மகள் கேட்டிருந்தாள். "வா கண்ணு, வெளிய வா, சோறு திங்கிறயா, பாரு பால் வெச்சிருக்கேன்." என் குரல் எனக்கே பள்ளி போனில் பேசுகிற குரலாகக் கேட்டது. நாய் காதை இன்னும் பின்னால் மடக்கிக்கொண்டது. நிறுத்திவிட்டேன்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய நாற்காலி பீரோவுக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. நாயைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பை வலதுபக்கம் திருப்ப வேண்டும். அது அவரால் ஆகாது. ஆகவே அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். டீயில் தொட்டுத் தின்ன நான் பொறை வைத்துவிட்டுப் போவேன். இடது கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கீழே விழும். குனிந்து எடுக்க முடியாது. "ரைட்" என்பார் சலிப்போடு. சாயங்காலம் நான் வந்து பெருக்கும்போது தரையில் கிடக்கும்.

ஒரு வாரம் கழித்தோ என்னவோ, பெருக்கும்போது தரை சுத்தமாக இருந்தது. அதை நான் முதலில் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை கவனித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது சமையலறைக் கதவிலிருந்து பார்த்தேன். பொறை விழுந்தது. "ரைட்" என்றார். நாய் சந்திலிருந்து வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு வந்தது. கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. அவர் திரும்பவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார். இந்தத் தடவை அது விழவில்லை, போட்டார். "ரைட்."

இப்படியே அந்தக் குளிர்காலம் போனது. நாய் சந்திலிருந்து நாற்காலியின் பின்காலுக்கு வந்தது. பிறகு நாற்காலிக்கு அடியில். மூடுபனி ஜன்னலை அடைத்திருக்கும் காலைகளில் அவருடைய உணர்ச்சியில்லாத வலது பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். அவருக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ரைட் என்பார்.

நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் அது உடனே சந்துக்குள் ஓடிவிடும். என்னிடம் வரவேயில்லை. சோறு போடுவது நான், மூத்திரம் துடைப்பது நான். அது எனக்கு வருத்தமாக இருந்ததா என்று யோசித்திருக்கிறேன். வருத்தம் இருந்திருக்க வேண்டிய இடம் தெரிந்தது, வருத்தம் இல்லை.

ஒரு நாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். நாய் நாற்காலிக்கு அடியில் இருந்தது. எதையும் நினைக்காமல், "ரைட்" என்றேன்.

அது நிமிர்ந்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, எனக்கும் அதற்கும் நடுவில் பாதித் தூரம் நடந்து நின்றது. அதுவரை அதன் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அவரும் திரும்பினார். எப்படித் திரும்பினாரோ, நாற்காலியின் கையைப் பிடித்து உடம்பை முறுக்கி என்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்து ஸ்டூலில் இருந்த டீ டம்ளரை இடது கையால் தட்டிவிட்டார். டம்ளர் உருண்ட சத்தத்தில் நாய் சந்துக்குள் பாய்ந்தது.

"ஏனுங்க, நான் உங்களைச் சொல்லலீங்க. நாயைக் கூப்புட்டேன். அதுக்கு வேற எதுவும் தெரியாதுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. பசித்தால் தட்டைக் காட்டினார். வேண்டாம் என்றால் கையை ஆட்டினார். வீட்டில் குக்கர் விசிலைத் தவிரச் சத்தமே இல்லை. பொறை விழுந்தால் நாய் உடனே வருவதில்லை. காத்திருக்கும், பிறகு தயங்கித் தயங்கி வந்து எடுக்கும். எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எதற்காக என்று சொல்வது?

மே மாதம் மகள் வந்தாள். சீசன் நேரம். ஏரியைச் சுற்றி நடக்க வழியில்லாமல் வண்டிகள் நின்றன. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் வேறு மேலே போய்க்கொண்டிருந்தது. மகள் வந்த மறுநாள் காலை எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் ஹோட்டலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சரவெடி போட்டார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பின்கதவு திறந்திருந்தது. செவலையாக ஏதோ ஓர் உருவம் கதவைத் தாண்டியதுதான் தெரியும். மிளகுக்கொடிக்குப் பின்னால் வேலியில் இருந்த ஓட்டை வழியாகப் போயிருந்தது; கம்பியில் முடி ஒட்டியிருந்தது.

மகள் தெருவில் ஓடினாள். நான் தட்டுகளைக் கழுவினேன். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் நாற்காலி காலியாக இருந்தது. அவர் கைத்தடியோடு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"மக போயிருக்கா. தேடிக் கூட்டியாருவா. உள்ள வாங்க."

அவர் கேட்டை விடவில்லை. தெருவையே பார்த்தார்.

ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டேன். மகள் ஏரிப் பக்கம் தேடட்டும், நாங்கள் கரடியூர் ரோட்டில் பார்க்கிறோம் என்று பேசிக்கொண்டோம். செவலையாக ஒரு நாய் அந்தப் பக்கம் ஓடியதாகப் பழக்கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆட்டோக்காரர் சேலத்திலிருந்து சீசனுக்கு வந்தவர். எங்களைத் தெரியாது. ஊர்ச் சந்தடி முடிந்து இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம் வந்ததும், என் கணவர் தலையை வெளியே நீட்டினார்.

"ரைட்" என்றார். அத்தனை நாள் கழித்து.

ஆட்டோ வேகமெடுத்தது.

"ரைட்!"

இன்னும் வேகமெடுத்தது. நான் ஆட்டோக்காரர் தோளைத் தட்டினேன்.

"மெதுவாப் போங்க."

"அய்யாதானுங்க போகச் சொல்றாரு?"

"இல்லீங்க. அவரு நாயைக் கூப்புடறாரு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு தோட்ட வாசலிலும் நிறுத்தினார். என் கணவர் காப்பிச் செடிகளைப் பார்த்து, சரிவைப் பார்த்து, பலா மரத்தடியைப் பார்த்து, ரைட், ரைட் என்று கூப்பிட்டார். ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எங்கே பஸ் என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டார். முன்பு இவர் பஸ்ஸில் போனவராக இருக்கும். இவர் அவரைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரல் கட்டிக்கொண்டது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்தார். இடது கையால் என் முழங்கையைப் பிடித்து வெளிப்பக்கம் தள்ளினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி தள்ளினார், தாடையால் தோட்டத்தைக் காட்டினார்.

நான் தலையை வெளியே நீட்டி, "ரைட்" என்றேன்.

அவர் தலையாட்டினார். உரக்க என்று கையை உயர்த்திக் காட்டினார்.

கரடியூர்வரை நான் கூப்பிட்டுக்கொண்டே போனேன். என் வாழ்க்கையில் ரோட்டில் நான் சத்தம் போட்டது கிடையாது. டீக்கடைகளில் நிறுத்தி நாயின் அடையாளம் சொல்லி என் போன் நம்பரைக் கொடுத்தோம். நாய் கிடைக்கவில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிவிட்டோம். ஆட்டோக்காரர் அவரை வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. தலைச்சோலையிலிருந்து ஒரு பெண்.

"ஏனுங்கம்மா, நாயைத் தேடி வந்தீங்களாமா? டீக்கடையில நம்பர் குடுத்தாங்க. எங்க ஆட்டுக் கொட்டாய்க்குள்ள ஒரு செவலை நாய் வந்து பூந்துக்கிச்சுங்க. ஆட்டை ஒண்ணும் பண்ணல. மூலையைப் பாத்துக்கிட்டே உக்காந்துருக்குது. அதானுங்களா?"

அதுதான் என்றேன்.

மகளுக்கு முந்தின ராத்திரியிலிருந்து காய்ச்சல், மழையில் தேடியது. அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் போனோம். எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிறவள் அந்தப் பெண். என் வயதுதான் இருக்கும். வேலைக்குக் கிளம்பித் தலையில் துண்டு கட்டிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டாய். ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டியாகிவிட்டது. உள்ளே புழுக்கை நாற்றமும் ஈரமும். பின்மூலையில் அந்த முதுகு.

"ரைட்" என்றார் அவர். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

நாய் அசையவில்லை.

"ரைட்."

காதுகூட அசையவில்லை. காப்பகத்தில் பார்த்தது போலவே உட்கார்ந்திருந்தது. நான் கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. குளிர்காலம் முழுக்க நடந்தது எல்லாம் அதற்குள்ளிருந்து போய்விட்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்த அந்த ஆஸ்பத்திரிக் காலை எனக்கு ஞாபகம் வந்தது. பேரைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நொம்ப பயந்துருச்சுங்க" என்றாள் அந்தப் பெண். "போர்வை போட்டுத் தூக்கிரலாங்களா?"

அவர் இல்லை என்று கையை ஆட்டினார். சுற்றிலும் பார்த்தார். பிறகு கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கொட்டாயின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார். அவர் தரையில் உட்கார்ந்து அதுவரை நான் பார்க்கவில்லை, நோய்க்குப் பிறகு. எழுப்ப முடியாது என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். நான் அக்குளில் கையைக் கொடுத்துப் பிடித்தேன். இருவருமாகச் சரிந்து உட்கார்ந்தோம். அவர் நாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நானும் அப்படியே.

அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் இரண்டு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு வேலைக்கு நேரமாச்சுங்க. சுவரோரமா டம்ளரை வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதிரே சரிவில் மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் கீழ்த்தோட்டம் மறைந்தது. பிறகு பாதை. நாங்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அவருடைய வலது தோள், உணர்ச்சியில்லாத பக்கம். இத்தனை நாளாக அவரைத் தூக்கியிருக்கிறேன், திருப்பியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"ஏனுங்க" என்றேன். "அன்னிக்கு நான் கேலி பண்ணலீங்க."

அவர் காப்பியைக் குடித்தார். கொஞ்சம் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நான் துடைக்கவில்லை. பிறகு அவருடைய இடது கை குறுக்கே வந்து என் மணிக்கட்டைத் தட்டியது. அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வைக்கோல் சரசரத்தது. நான் திரும்பவில்லை. அது அவரிடம்தான் போகும் என்று நினைத்தேன். என் புடவை முந்தானை இழுபட்டது. பிறகு என் கழுத்துக்குக் கீழே ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. சில்லென்று இருந்தது. அது என்னை முகர்ந்துகொண்டே என் முதுகைச் சுற்றி வந்து, என் மடிக்கும் அவர் தொடைக்கும் நடுவே இருந்த இடத்தில் படுத்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் என் காலில் ஏறியது. கையை அதன்மேல் வைத்தேன். அதன் விலா எலும்புகளுக்குள்ளே இதயம் ஓடுகிற வேகம் என் உள்ளங்கையில் தெரிந்தது.

அப்போது எனக்கு அழுகை வந்ததா என்று மகள் பிறகு கேட்டாள். வரவில்லை. கால் வலித்தது. தரை குளிர்ந்தது. பசித்தது. இவை எல்லாம் எனக்குத் தெரிந்தன, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவரை எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கம்பத்தைப் பிடித்தும் ஆகவில்லை, நான் தூக்கியும் ஆகவில்லை. கடைசியில் ரோட்டில் போன ஒரு ஜீப்பை நிறுத்தி இரண்டு பேரைக் கூட்டிவந்தேன். ஆட்களைக் கண்டதும் நாய் மறுபடி மூலைக்கு ஓடியது. அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டு, ஜீப்பில் இருந்தவர்களிடம் ஒரு போர்வை வாங்கி, போர்த்தித்தான் அதைத் தூக்கினேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குப் பேச்சு வரவில்லை. வரும் என்று டாக்டர் சொல்வதுமில்லை. நாய் நன்றாக வளர்ந்துவிட்டது. விருந்தாளி வந்தால் இன்னும் பீரோச் சந்துக்குள்தான். வேலி ஓட்டையை அடைத்துவிட்டேன். வெடிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு நாங்களும் அறைக்குள் இருந்துகொள்கிறோம். தலைச்சோலைப் பெண் ஊருக்கு வரும்போது எட்டிப் பார்ப்பாள். அவளைக் கண்டாலும் நாய் ஒளிந்துகொள்ளும். "உசிரைக் காப்பாத்துன என்னையவே தெரியல பாருங்க" என்று சிரிப்பாள்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெபத்தில் இன்னும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறேன். சில நாள் காலையில் ஏரிக்கரையில் அதை நடத்திக் கூட்டிப்போகும்போது, சங்கிலி கையில் இழுபடும். அப்போது கொஞ்ச நேரம் நான் அங்கேயே இருக்கிறேன் என்று தோன்றும். வீட்டுக்கு வந்ததும் அந்த நினைப்பு போய்விடும். மறுநாள் வராமலும் இருக்கும்.

இன்று காலை மழை. அவர் நாற்காலியில் தூங்கிவிட்டிருந்தார். நாய் வாசற்படியில் முன்னங்கால்கள் வெளியே, மீதி உடம்பு உள்ளே என்று படுத்து நனைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். குடையை விரித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தேன். அது நகரவில்லை, பயப்படவுமில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.